மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்

இதை யாரும் நம்பித்தான் ஆக வேண்டும் என்று எனக்கு ஒன்றும் இல்லை. நான் எட்மன்டனில் இரண்டு வருடம் எஞ்சின் படிப்பு படித்தவன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். ஆனால் போன டிசம்பரில், கனடாவின் வடகோடிக்குப் போகும் டெம்ப்ஸ்டர் சாலையில் எனக்கு நடந்தது நடந்ததுதான். அந்த லாரியை இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்து சீட்டை மட்டும் கழற்றிவிட்டேன்.

அன்று வழியில் ஈகிள் ப்ளெயின்ஸ் ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தபோது பகல் ஒரு மணி. வெளியே மைனஸ் நாற்பத்தொன்று. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் சூரியன் எழுவதில்லை. மதியம் ஒரு நீல வெளிச்சம் வரும். மூன்று மணிக்குள் அதுவும் போய்விடும். பின்னால் இனுவிக் கடைகளுக்கான மளிகைச் சரக்கு. மலைக் கணவாயைத் தாண்டினால் என் ஊர்.

வண்டியைக் கிளப்பும்போதே ரேடியோவில் ரோண்டா அக்கா வந்தார். என் மனைவி நடீனின் அக்கா. கணவாய்க்கு அந்தப் பக்கம் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். காற்று பலமானால் சாலையின் கேட்டைப் பூட்டுவதும் அவர்தான்.

“தம்பி, இன்னும் தின்னுக்கிட்டே இருக்கியா?”

“கெளம்பிட்டேன்க்கா.”

“காத்து வருது. நாலு மணிக்கு கேட்ட பூட்டிட்டுப் போய்ப் படுத்துருவேன். வந்து கத்தினாலும் தொறக்க மாட்டேன்.”

“வந்துருவேன்.”

“எதுக்கும் ஒத்த வார்த்தைதான் உனக்கு. நடீன் உன்கூட எப்படித்தான் பேசி ஓட்டுனாளோ.”

நடீன் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அக்கா அவள் பெயரைச் சாதாரணமாகச் சொல்வார். என்னால் முடியாது. ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.

லாரி ஓட்டாதவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இப்போதைய டீசல் வண்டிகளில் யூரியா டேங்க் என்று ஒன்று உண்டு. யூரியா கலந்த தண்ணீர் அது. புகைக் குழாய்க்குள் தெளித்துப் புகையைச் சுத்தம் செய்யும். மைனஸ் பதினொன்றிலேயே உறைந்துவிடும் என்பதால், எஞ்சினின் வெந்நீர் ஒரு குழாய் வழியாக அந்த டேங்குக்குள் சுற்றி வந்து அதை உருக்கிக்கொண்டே இருக்கும். வெந்நீர் நின்றால் யூரியா கல்லாகிவிடும். யூரியா தெளிக்கவில்லை என்று தெரிந்ததும் வண்டியின் கணினி எஞ்சினை நெரித்து நடை வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். எங்கேயோ கதகதப்பான ஊரில் உட்கார்ந்து யோசித்த விதி.

இன்னொன்று, அந்தச் சத்தம். எஞ்சினை நிறுத்தியதும் ஒரு சின்ன பம்ப், குழாயில் மிச்சமிருக்கும் யூரியாவை டேங்குக்கே திரும்ப இழுக்கும். ர்ர்ர்ர்ர்... என்று நீளமாக, யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல. கடைசியில் ஒரு ‘டக்’. அதற்குள் பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்தால் குழாய் உறைந்து வெடிக்கும். அதனால் எங்கள் பக்கம் ‘டக்’ கேட்காமல் யாரும் சீட்டை விட்டு எழ மாட்டோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் நடீன் உள்ளே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ‘டக்’ வந்த பிறகுதான் கதவைத் திறப்பாள்.

இப்போதும் ‘டக்’ வந்த பிறகு கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆர்க்டிக் வட்டப் பலகையைத் தாண்டி பத்து நிமிடத்தில் யூரியா விளக்கு எரிந்தது. முதலில் மஞ்சள். மலையடிவாரத்தில் சிவப்பு. பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி எட்டு கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. கேட்டுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். வெளியே மைனஸ் நாற்பத்தாறு. காற்று சாலையின் குறுக்கே பனியை வாரி மேடு மேடாகப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் மேட்டை உடைக்க முடியாது. ஒரு வளைவில் முன் சக்கரம் புதைந்து நின்றது. ரேடியோவில் இரைச்சல் மட்டும். மலை மறைத்துவிட்டது.

ஒரு வழி இருந்தது. எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் கணினி கொஞ்ச நேரம் மன்னிக்கும். முழு பலம் கிடைக்கும். ஆனால் அந்தக் குளிரில் நிறுத்திய எஞ்சின் மறுபடி கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிளம்பாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கேபின் ஐஸ் பெட்டி. நிறுத்தாமல் இருந்தால் டீசல் ஒரு இரவு தாங்கும். அங்கே காற்று ஆரம்பித்தால் மூன்று நாள் அடிக்கும்.

எப்படிப் பார்த்தாலும் சாவு. எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் மோசம்.

சரியாக 3.37.

டொக்... டொக்...

பக்கத்து சீட்டுக் கதவு. எங்கள் சாலையில் குளிர்காலத்தில் கதவைத் தட்டினால் யார் என்று கேட்கும் வழக்கமில்லை. திறந்தேன். ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தான். காற்றில் திறந்துகொள்ளாமல் கதவைப் பூட்டினேன். நாற்பது வயது இருக்கும். தாடி, புருவம், கோட்டு, எல்லாம் வெள்ளை.

“யூரியா ஒறைஞ்சிருச்சா?” என்றான்.

“ஆமா.”

“எனக்கும்தான்.”

“உங்க வண்டி?”

“பின்னாடி.”

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் எந்த விளக்கும் இல்லை. பனிப்புயலில் பத்தடிக்கு மேல் தெரியாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“வெந்நீர் வெச்சிருக்கேன்,” என்றான். “டேங்க் மேல ஊத்துனா உருகிரும். ஒரு ஆள் லைட்டு புடிக்கணும். அவ்ளோதான்.”

உறைந்த பிளாஸ்டிக் டேங்கில் வெந்நீர் ஊற்றினால் பிளந்துவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும் என்று இருந்தது.

“லைட்ட குடு.”

கதவோரம் தொங்கிய டார்ச்சை எடுத்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடுகிறது. கண்ணாடியில் இருந்த பனிகூடத் தண்ணீராக வழிகிறது. அவன் தாடியில் இருந்த வெள்ளை... கரையவில்லை. ஒரு சொட்டு விழவில்லை.

கேபினுக்குள் ஒரு வாடை. பழைய மூத்திர வாடை.

“எஞ்சின அணை,” என்றான். “நின்னாதான் ஊத்த முடியும்.”

சாவியைத் திருப்பினேன். ஏன் திருப்பினேன் என்று இன்றும் தெரியவில்லை.

அமைதி. பிறகு கீழே, டேங்கில், அந்தச் சத்தம்.

ர்ர்ர்ர்ர்...

“வா, எறங்கு.”

“முடியட்டும்.”

“அத விடு. வா.”

“முடிஞ்சிரும்.”

எழ முடியவில்லை. தைரியம் எல்லாம் இல்லை. பழக்கம். உடம்பு ‘டக்’குக்காகக் காத்திருந்தது.

அவன் என் பக்கம் குனிந்தான். “இப்பவே வா. ஒரு ஆள் வேணும்.”

அவன் பேசும்போது மூச்சுக் காற்று என் முகத்தில் படவே இல்லை.

இன்னொரு சத்தம் கேட்டது.

ர்ர்ர்ர்ர்...

கீழே இருந்து அல்ல. பக்கத்து சீட்டிலிருந்து. அவன் நெஞ்சுக்குள்ளிருந்து.

உள்ளே இழுக்கிறான்... இழுத்துக்கொண்டே இருக்கிறான்... வெளியே விடவே இல்லை.

“எனக்கு முடியவே இல்ல,” என்றான்.

டக்.

என் டேங்க்.

பழக்கத்தில் முன்னால் பார்த்தேன். நடீன் திறக்கும் கதவு இருக்கும் திசை. பனி மட்டும்.

திரும்பினேன்.

சீட் காலி.

கதவு திறக்கவில்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் முனகியது... நின்றது. மறுபடி. முனகியது... நின்றது. ஏழு மாதத்தில் முதல் முறையாக நான் ஒன்றைக் கேட்டுக் கெஞ்சினேன். யாரிடம் என்று தெரியாது.

மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. பின்னால் எடுத்து, மேட்டை இடித்து உடைத்துக்கொண்டு ஏறினேன். பக்கத்து சீட்டைப் பார்க்கவே இல்லை.

கேட்டுக்கு வந்தபோது மணி 4.30. திறந்திருந்தது. ரோண்டா அக்கா பனித்தள்ளியின் விளக்கை எரியவிட்டுக் காத்திருந்தார்.

“நாலு மணின்னீங்க.”

“என் கடியாரம் ஒறைஞ்சு போச்சு. என்னடா மூஞ்சி இது?”

சொன்னேன். ஒத்த வார்த்தையில் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் கேபினில் ஏறி, பக்கத்து சீட்டில் கைவைத்தார். வெள்ளையாக ஒரு படலம். விரலால் தேய்த்து, உள்ளங்கையில் வைத்து ஊதினார். கரையவில்லை. முகர்ந்தார்.

“பனி இல்ல தம்பி. யூரியா. தண்ணி போனா இப்படித்தான் உப்பாட்டம் நிக்கும்.”

கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய முகாம் அறையில் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

“மூணு குளிர்காலம் முந்தி, அதே வளைவு. கார்வின்னு தெற்கேர்ந்து வந்த ஆளு. டேங்க் ஒறைஞ்சிருக்கு. அவசரத்துல சத்தம் முடியுமுன்ன மெயின் சுவிட்ச அணைச்சிருக்கான். குழாய் போச்சு. அப்புறம் வெந்நீர ஊத்தியிருக்கான். டேங்க் பொளந்து மொத்தமும் அவன் மேல. நான்தான் பொணத்தக் கண்டுபிடிச்சேன். ஆஸ்பத்திரில சூட்டுல வெச்சதும் பனியெல்லாம் கரைஞ்சிருச்சு. அந்த வெள்ளை கரையல.”

காப்பியைக் கீழே வைத்தேன்.

“அது இல்ல நான் பயப்படறது,” என்றார். “போன வருஷம் அங்கயே இன்னொருத்தன். அவன் வண்டில ஒரு கோளாறும் இல்ல. எஞ்சின அவனேதான் சாவியத் திருப்பி அணைச்சிருக்கான். அவன் வெளிய, டேங்க் பக்கத்துல மண்டி போட்டு ஒறைஞ்சு கெடந்தான். கையில லைட்டு.”

பிறகு கேட்டார்.

“உன் லைட்டு எங்க?”

காற்று நிற்க மூன்று நாள் ஆனது. சாலையைத் திறக்க அக்காதான் முதலில் போனார். அந்த வளைவில் என் டார்ச் இருந்ததாம். பனியில் நட்டுவைத்தது போல நேராக. அந்தக் குளிரில் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

எரிந்துகொண்டிருந்ததாம்.

அக்கா அதை எடுக்காமல் வந்துவிட்டார்.