கியர் இல்லாத டிராக்டர்

காலையில் சிங்கம், பதினொரு மணிக்கு மேல் நோய்க்கோழி. மலேசியாவில், செமோருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வண்டி இழுத்த சின்ன டிராக்டரைத்தான் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் லாரி கியர்பாக்ஸ் பிரித்து மாட்டுவதே என் பிழைப்பு. தோட்டத்து மேனேஜர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, இதென்ன பெரிய வேலை என்று இளக்காரமாகத்தான் போனேன். போய்ப் பார்த்தால் அதில் கியரே இல்லை.

கிளட்சும் இல்லை. வலது காலுக்கு ஒரு பெடல், அவ்வளவுதான். விரலால் அழுத்தினால் முன்னே போகிறது, குதிகாலால் அழுத்தினால் பின்னே வருகிறது. இஞ்சின் ஒரு பம்பைச் சுற்ற, பம்பு எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய்தான் சக்கரத்தை உருட்டுகிறதாம். எண்ணெய் தள்ளி ஒரு வண்டி மேடேறுமா? எனக்குக் கை பரபரத்தது.

அதை ஓட்டியவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. கிளட்ச் மிதிக்கிற கால் அது. வேறெந்த டிராக்டரையும் அவரால் ஓட்ட முடியாது. மேனேஜர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் இதைத் தள்ளிவிட்டு, கிளட்ச் வைத்த வண்டி வாங்கப் போகிறார்கள், டிரைவரும் மாறுவார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். பக்கத்தில் நின்ற அவர் சீட்டைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"தம்பி, ஆகும்லா?" என்றார்.

"பிரிச்சாத்தாண்ணே தெரியும்," என்றேன். பிரிக்கத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது. அதை ஏன் அவரிடம் சொல்ல வேண்டும்?

உதிரிப்பாகம் ஜப்பானிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்று ஈப்போ கடைக்காரர் கையை விரித்தார். போய்யா நீயும் உன் ஜப்பானும் என்று மனசுக்குள் திட்டிவிட்டு, தோட்டத்துக் கொட்டகையிலேயே பிரித்தேன். வடித்த எண்ணெய் நுரைத்த பால் டீ போல, தே தாரிக் நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது!

உள்ளே ஓர் உருளை, அதைச் சுற்றிலும் துளைகள், துளைக்கொன்றாகச் சின்னச் சின்ன பிஸ்டன்கள். எதிரே ஒரு சாய்தட்டு. பெடலை மிதித்தால் அந்தத் தட்டு சாய்கிறது. எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு எண்ணெய் போகிறது. கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததில் பகல் சோற்றை மறந்துவிட்டேன். அந்த உருளை இன்னொரு தட்டின்மேல் ஒட்டி உட்கார்ந்து சுழல வேண்டும். அந்தத் தட்டின் முகமெல்லாம் கீறல், நகம் மாட்டியது. காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், கசியாது. சூடேறி இளகினால் கீறல் வழியே ஓடிவிடும். பால் ஏற்றி மேடேறும் நேரம் பார்த்து வண்டி படுத்துக்கொள்வது அதனால்தான். அட, இவ்வளவுதானா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

படச்சட்டம் போடும் கடையில் தடித்த கண்ணாடி ஒன்று வாங்கி வந்தேன். வால்வு தேய்க்கிற பசையில் மிக நைசானதைத் தடவி, தட்டைக் கவிழ்த்து எட்டுப் போடுவதுபோல் நானும் டிரைவர் அண்ணனும் மாறி மாறித் தேய்த்தோம். நான் அவசரக்காரன், ஒரு பக்கமே அழுத்திவிடுவேன். அண்ணன் கை சீராகப் போயிற்று. இரண்டு நாளில் கீறல் மறைந்தது.

ஆனால் எண்ணெயின் வழுக்கலைக் கெடுத்துத் தட்டைக் கீறவைத்த தண்ணீர் உள்ளே எப்படிப் போயிற்று? அது தெரியாமல் மாட்டினால் மறுபடியும் கெடும். துருவித் துருவித் தேடியதில், சீட்டுக்குப் பின்னால் எண்ணெய் ஊற்றும் மூடியில் குண்டூசித் தலை அளவு ஓட்டை ஒன்று இருந்தது. பம்பு இருக்கும் எண்ணெய்ப் பெட்டி மூச்சு விடும் வழி. அதன்மேல் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. சுரண்டி மோந்தால், சந்தனம்.

நான் வேதக்காரன்தான், சர்ச்சுக்குப் போகிறவன். இருந்தாலும் ஈப்போப் பட்டறைகளில் ஆயுத பூஜைப் பொரி தின்னாத வருஷம் எனக்கு இல்லை. சந்தனப் பொட்டை பானட்டில் வைப்பார்கள், ஸ்டியரிங்கில் வைப்பார்கள். எண்ணெய் மூடிக்கா பொட்டு? அண்ணனோ பூஜைக்கு மட்டுமல்ல, வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்திருக்கிறார். வேலை முடிந்து சூட்டோடு சூடாக வண்டியைக் கழுவியும் விடுவார். சூடான பெட்டி ஆறும்போது காற்றை இழுக்கும். ஓட்டை அடைத்திருக்கவே, அச்சு வெளியே வரும் இடத்து ரப்பர் சீல் வழியாகக் கழுவிய தண்ணீரை இழுத்துக்கொண்டது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலையாண்ணே?" என்று கத்திவிட்டேன். அவர் மூடியை வாங்கி, ஊக்கால் ஓட்டையைத் தானே குத்திச் சுத்தம் செய்தார்.

புது சீலும் புது எண்ணெயும் போட்டு மாட்டினேன். ஏழாம் நாள், பதினொன்றரை மணி, கொதிக்கும் வெயில், டிரெய்லர் நிறையப் பால். மேனேஜரும் வந்து நின்றார். பாதி மேட்டில் டிராக்டர் நின்றது. ஆனால் அது பின்னால் உருளவில்லை. நிற்கிறதா என்று பார்க்க அவரே காலை எடுத்திருக்கிறார், பாவி மனுஷன். மறுபடி மிதித்தார். முக்காமல் முனகாமல் ஏறிப் போயிற்று.

என்ன கோளாறு என்று மேனேஜர் கேட்டார். தேய்மானம் என்று சொல்ல வைத்திருந்தேன், அது பொய்யும் இல்லை. நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் இறங்கி வந்துவிட்டார்.

"தப்பு என்மேலதான் தொரை. சந்தனம் வச்சி ஓட்டைய அடைச்சது நான்தான்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா இந்த மனிதர் என்று எனக்குப் பதறியது. மேனேஜருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே வரும். எல்லாரும் முன்னால் வைக்கும்போது நீ ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டார்.

அண்ணன் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு எட்டி, எண்ணெய் மூடியின்மேல் கை வைத்தார்.

"முன்னால இருக்கிறது இஞ்சினு தொரை. அது எல்லா வண்டிக்கும் இருக்கு. எனக்குக் காலா இருக்கிறது இதுதான்."

மேனேஜர் அவரையே பார்த்தார். பால் கட்டிப்போகும், கொண்டுபோய் இறக்கு என்று மட்டும் சொன்னார். அண்ணன் ஏறி உட்கார்ந்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெட்டியில் எது எதற்கு என்று ஆறு நாள் குடைந்து கேட்டவன், அவரிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்த மட்டும் தெரிந்தது.