சத்தமான வீட்டில் கேட்காத காது

முதல் அறிகுறி தலையணை உறையில் இருந்தது. தண்ணீரில் கரைத்த மஞ்சள் போல ஒரு கறை, ஓரம் மட்டும் காய்ந்து கெட்டியாகியிருந்தது. அக்கா அதைத் துவைத்துப் போட்டாள். அடுத்த சளிக்கு மறுபடியும் அதே கறை.

அக்கா மகள் தன்ஷிகாவுக்கு அப்போது ஒன்றரை வயது. மச்சான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். அதனால் அக்காவும் பாப்பாவும் கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அப்பா குத்தகை நிலத்தில் நெல் போடுகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் பேச்சு வராத ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, யாரிடம் போய்க் கேட்பது என்று விழிக்கிற வீடு எப்படி இருக்கும் என்று தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மழைக்காலம் வந்தால் பாப்பாவுக்குச் சளி பிடிக்கும். காய்ச்சல், காதைப் பிடித்துக்கொண்டு அழுகை, பிறகு சீழ். சீழ் வெளியே வந்ததும் வலி அடங்கிவிடும். பிள்ளை சிரிப்பாள். நாங்களும் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுவோம். அம்மா பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, இளஞ்சூட்டில் காதில் இரண்டு சொட்டு விடுவார். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் வைத்தியம். சீழ் வடிகிற காதில் செவிப்பறை கிழிந்திருக்கலாம், எண்ணெய் உள்ளே போய்க் கெடுக்கும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. தயவுசெய்து காதில் எண்ணெய் விடாதீர்கள்.

மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. "ம்மா" என்பாள். மற்றதெல்லாம் "ஆ", "ஓ". ஏதாவது வேண்டுமென்றால் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். யாராவது பேசினால் அவர்கள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதைச் செல்லம் என்று நினைத்தோம்.

அங்கன்வாடியில், "சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குறா, பக்கத்துப் புள்ளைய அடிக்கிறா" என்றார்கள். தெருவில் ஒருத்தி அக்காவின் முகத்துக்கு நேராகவே, "ஊமையாக்கும்?" என்று கேட்டாள்.

அப்பா மட்டும் அசையவில்லை. "அவ அப்பாவும் நாலு வயசுலதான் பேசுனாராம். காது நல்லாத்தான் இருக்கு. வயல்லேருந்து நான் ஒரு குரல் குடுத்தா வாசலுக்கு ஓடியாருதா இல்லியா?"

ஓடி வந்தாள். அது பொய்யில்லை. டிராக்டர் சத்தத்துக்கும் ஓடி வருவாள். கோயில் வேட்டுக்குத் திடுக்கிடுவாள். அதற்கு மேல் எங்களுக்கு என்ன சாட்சி வேண்டும்?

ஒரு நாள் மச்சான் கூப்பிட்டபோது வீடியோ வரவில்லை, குரல் மட்டும்தான். அக்கா போனைப் பாப்பாவின் காதில் வைத்தாள். அவள் அதை வாங்கித் திரையைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். தரையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். உள்ளே மச்சான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் எடுத்தேன்.

"என்னை மறந்துட்டா போலருக்கு மாப்ள" என்றார்.

அந்தக் குரலுக்குப் பிறகுதான் லீவு போட்டேன். கார்த்திகை மழையில் ரயிலேறித் தஞ்சாவூர் போனோம். அப்பாவும் கூட வந்தார், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் கேட்பதற்கு.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒரு பெண்மணி. பாப்பாவின் காதுகளைப் பார்த்துவிட்டுக் கேள்விகள் கேட்டார். அக்கா பதில் சொன்னாள். நடுநடுவே அப்பாவும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க வீட்லயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"எப்படிங்க?" என்றார் அப்பா.

"வெளியில வரிசைல உக்காந்திருக்கிறவங்களுக்கெல்லாம் உங்க வீட்டுக் கதை இந்நேரம் மனப்பாடம் ஆயிருக்கும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா சிரித்தார். "வயக்காட்டு வாய்ங்க. இந்த வரப்புல நின்னு அந்த வரப்புக்குப் பேசிப் பழகிட்டோம்."

மருத்துவர் எழுந்து பாப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். சாதாரணக் குரலில், "தன்ஷிகா, பொம்மை வேணுமா?" என்றார். பாப்பா கையிலிருந்த டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கேட்டார். டார்ச் எரிந்தது, அணைந்தது.

"இப்ப நீங்க கூப்பிடுங்கய்யா."

அப்பா கூப்பிட்டார். பாப்பா திரும்பிச் சிரித்தாள். அப்பா முகத்தில் ஜெயித்த களை வந்தது. பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார். அந்தக் களை அப்படியே இறங்கியது.

"கத்துனா கேக்குதுங்கய்யா. பேசுனா கேக்கல" என்றார் மருத்துவர்.

டிம்பனோமெட்ரி (காற்றழுத்தம் கொடுத்து, செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். இரண்டு செவிப்பறையும் அசையவில்லை; தாளில் மேடே இல்லாத நேர்க்கோடுதான் வந்தது. அடிக்கடி வந்த தொற்றினால் நடுக்காதில் (செவிப்பறைக்கு உட்புறம், காற்று மட்டும் இருக்க வேண்டிய இடம்) பசை போல நீர் கோத்து நின்றுவிட்டது. வலி இருக்காது, சீழ் வராது. அதனால் வெளியே தெரியாது. உரத்த சத்தம் உள்ளே போகும். ச, த, க போன்ற எழுத்துகளின் மெல்லிய ஒலி போகாது. நான் என் வேலையை வைத்துப் புரிந்துகொண்டேன். போனில் இரண்டு கோடு காட்டும், ஆள் பேசுவதும் தெரியும், என்ன பேசுகிறார் என்று மட்டும் பிடிபடாது. பிள்ளை இரண்டு வருடமாக அப்படி ஒரு இணைப்பில் எங்களைக் கேட்டிருக்கிறாள். கேட்காத எழுத்தை எப்படித் திருப்பிச் சொல்வாள்?

வேறு வீடாக இருந்திருந்தால் முன்பே கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் வீட்டுச் சத்தம்தான் அவள் காதை எங்களிடமிருந்து மறைத்திருந்தது.

இந்த நீர் பல பிள்ளைகளுக்குத் தானாகவே வற்றிவிடும் என்றார் மருத்துவர். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். எல்லாப் பிள்ளைக்கும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பாப்பாவுக்கு வற்றவில்லை. மாசியில் எடுத்த சோதனையிலும் அதே நேர்க்கோடு. இரண்டு காதும் அடைத்து, பேச்சும் நின்றுபோயிருப்பதால் இனித் தள்ள வேண்டாம் என்றார். குரோமெட் (செவிப்பறையில் வைக்கும் நெல் முனை அளவுக் குழாய், நீர் வடிந்து காற்று போக வழி செய்வது) வைக்க வேண்டும். அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் வீங்கி நிற்கும் சதை) எடுக்க வேண்டும்.

அறுவடை நடந்துகொண்டிருந்தது. அப்பா களத்திலிருந்து வந்து கேட்டார். கேட்டு முடித்ததும் சொன்னார்: "காது குத்தாத புள்ளைக்குக் காதுல கத்தியா? வைகாசில மாப்ள லீவுல வர்றாரு. கோயில்ல முடியெறக்கி, காது குத்திட்டு அப்புறம் எங்க வேணா கொண்டு போங்க."

எங்கள் பக்கம் காதுகுத்து ஒற்றைப்படை வயதில்தான். ஒரு வயதில் மச்சான் வர முடியவில்லை. மூன்றையும் விட்டால் ஐந்துதான். அப்பாவின் கவலை வெறும் பிடிவாதமில்லை, குலதெய்வத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் வைகாசிக்குள் இன்னும் மூன்று மாதம் போய்விடும். பேச்சு ஊறுகிற வயதில் அது சின்னக் காலமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

எனக்கு ஒரே ஒரு உரிமை இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். நான் ஒருத்தன்தான் தாய்மாமன்.

"ஆபரேஷன் முடியாம நான் மடி குடுக்க மாட்டேம்ப்பா" என்றேன்.

"என்னடா சொன்ன?"

"உக்கார மாட்டேன். வேற மாமனைத் தேடிக்குங்க."

"நாலு எழுத்துப் படிச்சதும் சாமிக்கே நாள் குறிக்கிறியோ?" அப்பாவின் குரல் தெருவைத் தாண்டியது. அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

அக்கா அதுவரை பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரிப்பனை முடிந்துவிட்டுச் சொன்னாள்: "அவன் உக்காந்தாலும் நான் விட மாட்டேன். அவருகிட்ட நேத்தே பேசிட்டேன். காதுகுத்து காத்திருக்கட்டும், புள்ள காதைக் காக்க வைக்காதீங்கன்னு சொல்லிட்டாரு."

நான்தான் போராடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முன்பே முடிவெடுத்துவிட்டிருந்தாள்.

அறுவை சிகிச்சை அன்று அப்பா வரவில்லை. மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். கதவு மூடியதும் அக்கா தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். எங்கள் வீட்டு ஆள் ஒருத்தி அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் பயந்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. மருத்துவர் வெளியே வந்து, "பசை மாதிரி இருந்துச்சு, எடுத்தாச்சு" என்றார்.

திரும்பும் ரயிலில் ஹாரன் அடித்ததும் பாப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அக்கா மடியில் புதைந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். சுவரில் பல்லி கொட்டியது. எங்கிருந்து என்று தெரியாமல் ஒவ்வொரு மூலையாகத் தேடினாள். அப்பா வழக்கம்போலக் கூப்பிட்டார். பாப்பா அழுதுவிட்டாள். அவர் முற்றத்தில் அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, அவள் எதிரே வந்து குந்தினார்.

காது திறந்ததும் பேச்சு கொட்டும் என்று எதிர்பார்த்தோம். கொட்டவில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் அக்கா அதையே கேட்டாள். அவர் சொன்னார்: "இவளுக்கு மூணே முக்கால் வயசு. ஆனா கேக்குற வயசுன்னு ஒண்ணு இருக்கு. அது இப்பதாம்மா பொறந்திருக்கு. கைக்குழந்தைகிட்ட உடனே பேச்சை எதிர்பார்ப்பீங்களா?"

அவர் கற்றுக்கொடுத்தது எளிமையானது. எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, கத்தாமல், சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். டிவியை அணைக்க வேண்டும். அவள் "ஓ" என்றால் "சோறு வேணுமா? இந்தா சோறு" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். திருத்தக் கூடாது, பரீட்சை வைக்கக் கூடாது. எளிமைதான், ஆனால் எங்களுக்கு மலையாக இருந்தது. தொண்டையைத் தாழ்த்தினால் அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை.

"என்னப்பா, தேங்கா திருடப் போறவரு மாதிரி பேசுறீங்க?" என்பாள் அக்கா.

"நீ சும்மா இருடி, எனக்கு இதுதான் வருது."

வைகாசியில் மச்சான் வந்தார். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஆறிய காதுகளோடு கோயிலுக்குப் போனோம். நான் மடி கொடுத்தேன். பாப்பா என் சட்டையைக் கிழிக்காத குறை. அப்பா தட்டை நீட்டியபடி, "நல்லாப் பிடிடா" என்றார். மாசிக்குப் பிறகு என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

இன்னும் முடியவில்லை. குளிக்கும்போது காதில் வாசலின் தடவிய பஞ்சு, வாய்க்காலில் முங்கக் கூடாது, சளி பிடித்தால் காலையில் முதல் வேலை தலையணை உறையைப் பார்ப்பது. அவளுக்கு 'ச' இன்னும் 'த'தான். எல்.கே.ஜி.யில் மற்ற பிள்ளைகள் கதை சொல்லும்போது அவள் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருப்பாள். பயிற்சியை விடவில்லை, விடவும் மாட்டோம். இடையில் என்னிடமும் ஏதோ மாறியிருக்கிறது. பேச வாய் திறக்கும்போதே, என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று தொண்டையில் தெரிகிறது. முன்பு அங்கே தொண்டை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

போன மார்கழியில் ஒரு காலை. பாப்பா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். இப்போதெல்லாம் தானாகத்தான் குளிப்பாளாம். அக்கா அடுப்படியில் தோசை வார்த்தபடி, திரும்பாமலே, "பாப்பா, குளிச்சிட்டியா?" என்றாள்.

"குளித்திட்டேன்" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

அக்கா தோசைக் கரண்டியோடு போய்க் கதவைத் திறந்தாள். தரை காய்ந்து கிடந்தது. வாளியில் தண்ணீர் ததும்ப நின்றது. பாப்பா சோப்பு டப்பாவைப் படகாக விட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா வீடே அதிரக் கத்தினாள்: "டேய், இங்க வாடா! பொய் சொல்லுதுடா!"

"மெதுவா பேசு" என்றார் அப்பா குரலைத் தாழ்த்தத் திண்டாடிக்கொண்டு, "காதுல விழப் போவுது." அவர் கண் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அடுப்பில் தோசை தீய்ந்தது. யாரும் போகவில்லை.

எல்.கே.ஜி. போகிற பிள்ளைதான். கேட்கிற வயதுப்படி இன்னும் ஒன்று நிறையவில்லை. அந்த வயதில், யார் வாயையும் பார்க்காமல், கேட்ட கேள்விக்கு ஒரு பொய்யை யோசித்துச் சொல்லிவிட்டது.

உலர்ந்த தலையோடு வெளியே வந்து நின்றாள். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். நாங்கள் நம்பவில்லை என்று புரிந்தது போல, இந்த முறை கொஞ்சம் அழுத்தமாகச் சொன்னாள்.

"குளித்திட்டேன்."