ஆடி அமாவாசையில் ஒரு ரம்மி

என் மாமியார் வீட்டில் சீட்டுக்கட்டை ஒளித்துவைக்கும் பழக்கமே கிடையாது. சாமி மாடத்துக்குக் கீழே, விபூதித் தட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த புதிதில் அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் அம்மா வீட்டில் சீட்டைத் தொட்டால் முதுகுத்தோல் உரிந்துவிடும். இங்கே என்னடாவென்றால் மாமியாரே உட்கார்ந்து கலைத்துப் போடுகிறார்!

அமாவாசையன்று தறியில் கை வைக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் நாம் பேசுவது நமக்கே கேட்காது, அப்படி ஒரு சத்தம் தெருவில். அன்று மட்டும் ஊர் காலியாகிவிட்டதோ என்று தோன்றும். மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வெற்றிலையும் வாயுமாக வந்துவிடுவார்கள். இரண்டு பாய் விரிப்போம். ஒவ்வொரு பாயிலும் கடைசிவரை நிற்பவர் ஃபைனலுக்கு வருவார். விளக்கு வைப்பதற்குள் ஃபைனல் முடிய வேண்டும். இதற்கு டோர்னமெண்ட் என்று பெயர் வேறு! காசு கிடையாது. கெலித்தவர் அடுத்த அமாவாசை வரை குழாயடியில் வாய் கிழியப் பேசலாம், அவ்வளவுதான் பரிசு. பெரும்பாலும் பேசியது எங்கள் அத்தைதான்.

அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. மாமா நான் வருவதற்கு முன்பே தவறிவிட்டார். அத்தையும் என் நாத்தனாரும் நெய்தார்கள். என் வீட்டுக்காரருக்கு வாலாஜாபாத்தில் ரைஸ்மில் வேலை, எனக்குத் தென்னேரியில் பள்ளிக்கூடம். விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டு ஓடுவேன். வாலாஜாபாத் வரை ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ். அந்த இரண்டாவது பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. வாலாஜாபாத்தில் ஒரு வீடு பார்த்தோம். தனியாக ஒரு சமையலறை, அடுப்புக்கு மேலே ஜன்னல். எனக்கு அந்த ஜன்னல் போதும்.

பேச்சை எடுத்ததுமே அத்தை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எனக்கும் சும்மா சொல்லக்கூடாது, மூக்குக்கு மேல் கோபம் வரும். மாதக்கணக்கில் இழுத்தது. இவரோ இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு மில்லுக்குப் போய்விடுவார். ஒருநாள் குழம்புச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அத்தை சொன்னார்:

“ஆடி அமாவாசக்கி என்ன கெலிச்சிடு. கெலிச்சின்னா ஆவணி பொறந்ததும் சாமான மூட்ட கட்டிக்கினு போம்மா, நானே ஏத்தி உடறேன். தோத்துட்டின்னா அந்தப் பேச்சு இந்த ஊட்ல வரக்கூடாது. இன்னா சொல்ற?”

“சரி அத்தை. அப்புறம் மாத்திப் பேசக்கூடாது” என்றேன். வாய் என்றால் அப்படி ஒரு வாய் எனக்கு. சொல்லிவிட்டு உள்ளே போய், ஆடி அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணிப் பார்த்தேன்.

ரம்மி தெரியாதவர்களுக்கு இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சீட்டையெல்லாம் சேர்த்து டிக் அடித்துவிட்டால், மற்றவர் கையில் சேராமல் நிற்கிற சீட்டுக்கெல்லாம் பாயிண்ட் ஏறும். நூற்றொன்றைத் தொட்டால் அவுட். கை மோசமாக வந்தால் ஆடாமலே கவிழ்த்துவிடலாம். அதற்கு ஸ்கூட் என்று பெயர், இருபது பாயிண்டோடு தப்பிக்கலாம். ஆனால் எண்பதைத் தாண்டியவருக்கு ஸ்கூட் கிடையாது. வந்த சீட்டை வைத்து ஆடியே தீர வேண்டும். அது கம்பல்சரி.

அத்தையைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். முட்டிவலியால் அவரால் சம்மணம் போட முடியாது. அதனால் நெய்பவர் கால் இறக்கி மிதிக்கிற தறிக்குழியின் விளிம்பில், தறிக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் தொங்கவிட்டுக்கொண்டுதான் ஆடுவார். நல்ல கை வந்துவிட்டால் முகத்தில் ஒன்றும் தெரியாது, கல் மாதிரி இருப்பார். ஆனால் முட்டி இரண்டும் மாற்றி மாற்றி ஏறி இறங்கும். நெய்யும்போது மிதியை மிதிப்பாரே, அதே தாளம். மிதி இருப்பது அந்தப் பக்கம், இவர் மிதிப்பது வெறும் காற்றை! எதிரே இருப்பவர்கள் சீட்டைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள். யார் முட்டியைப் பார்ப்பார்கள்? நான் பார்த்தேன். என் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. மாமாவுக்குப் படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்தோம். என் பாயில் நான் தேறினேன், அந்தப் பாயில் அத்தை. ஃபைனல் என்றதும் வெளியே பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள். நாத்தனார் தரையில் சாக்பீஸால் பாயிண்ட் எழுதினாள். அந்தச் சீட்டுக்கட்டில் டைமன் ஜாக்கியின் மூலை மடிந்திருக்கும், யார் கைக்கு வந்தாலும் ஊருக்கே தெரியும். அதைப் பார்த்து ஒரு சிரிப்பு. எவ்வளவு சிரித்திருக்கிறோம் அந்தத் தரையில் உட்கார்ந்து!

அத்தையின் முட்டி ஆடும்போதெல்லாம் நான் ஸ்கூட் வைத்தேன். “இன்னாமா, டீச்சரம்மா பயந்துக்கினே கீறாங்க” என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டலடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். முட்டி ஆடாதபோது விடாமல் ஆடினேன். கடைசியில் அத்தை தொண்ணூற்றிரண்டு, நான் எழுபத்தாறு. அவருக்குக் கம்பல்சரி. எனக்கு இன்னும் ஒரே ஒரு ஸ்கூட் மிச்சம்.

சீட்டு விழுந்தது. எடுத்து விரித்தேன். ஜோக்கர் கலக்காத வரிசை ஒன்று இருந்தது, தனியாக ஒரு ஜோக்கர் இருந்தது. மற்றதெல்லாம் சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற சீட்டுகள். இதை ஆடித் தோற்றால் நான் அவுட், ஜன்னல் போச்சு. கவிழ்த்தால் தொண்ணூற்றாறு, அடுத்த கையில் நானும் கம்பல்சரி. அப்போது என்ன சீட்டு வருமோ, யார் கண்டது?

“அண்ணி, ஆட்டமா ஸ்கூட்டா?” என்றாள் நாத்தனார்.

வாசற்படியில் நின்ற என் வீட்டுக்காரர் இருமினார். கவிழ்த்துவிடு என்று கையைப் புரட்டிக் காட்டினார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. வீட்டுப் பேச்சு நடந்தபோது வாயைத் திறக்காத மனுஷன், சீட்டுக்கு மட்டும் யோசனை சொல்கிறார்!

அத்தையைப் பார்த்தேன். சீட்டை அடுக்கி முடித்திருந்தார். முட்டி அசையவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். இரண்டு காலும் குழிக்குள் சும்மா தொங்கின.

“ஆட்டம்” என்றேன்.

எடுத்தேன், போட்டேன், எடுத்தேன், போட்டேன். கவிழ்த்து வைத்திருந்த கட்டிலிருந்து நான் காத்திருந்த கிளாவர் எட்டு வந்தது. டிக் அடித்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினேன். நாத்தனார் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். அத்தை தன் சீட்டைத் திருப்பினார். வெறும் குப்பை, ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா முகத்தில் ஈயாடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, குதிக்காத குறை. அத்தை எழுந்து விளக்கேற்றப் போனார்.

சொன்ன சொல் தவறவில்லை அவர். ஆவணி முதல் முகூர்த்தத்தில் டெம்போ வந்தது. அண்டா, இட்லிப் பானை, அரிசி, ஊறுகாய் ஜாடி என்று தானே நின்று ஏற்றினார். கயிறு கட்டத் தெரியவில்லை என்று டிரைவரைத் திட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம். இன்றைக்குக் கேட்டாலும் அந்தக் கையை ஆடத்தான் செய்வேன்.

நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அத்தை கதவைச் சாத்திவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஏதோ மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“அன்னிக்கி ஏம்மா ஆடன?” என்றார். ஒரு நிமிஷம் எனக்கு எதைக் கேட்கிறார் என்றே புரியவில்லை. “எனக்குதான் கம்பல்சரி. ஒனக்கு ஒரு ஸ்கூட் இருந்துச்சே. இன்னொரு ஆட்டம் இருந்துட்டுப் போயிருக்கலாமேம்மா.”