கொக்குமார்க் குளிசை

எங்கள் வீட்டில் அப்போது மூன்று கொக்குகள் இருந்தன. ஒன்று அம்மாவின் சாயத் தகரப்பேணியில், ஒன்று ஐயாவின் உரச் சாக்கில், மூன்றாவது தலையிடிக் குளிசைப் போத்தலில். மூன்றும் கம்பெனி மார்க் வட்டத்துக்குள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கடல் கடந்த ஏதோ ஒரு தேசத்துக் கம்பெனிக்கு அவர் யாழ்ப்பாணத்து ஏசண்டு. சைக்கிளின் பின்னால் தோற்பெட்டியைக் கட்டிக்கொண்டு மருதனார்மடத்துக்கும் கீரிமலைக்குமாக ஓடித் திரிவார்.

எனக்கு ஒன்பது வயது. எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாத பிறவி. பெட்டி இழைக்கிற ஓலைக்குச் சிவப்பு ஏற்றுகிற கம்பெனி, புகையிலைக்கு உரமும் தலையிடிக்கு மருந்தும் எப்படிச் செய்கிறது என்ற கேள்வி மண்டையைக் குடைந்தது. மாமாவிடமே கேட்டேன்.

"மூண்டையும் ஒரே சட்டியிலையோ மாமா காய்ச்சுறாங்கள்?"

"ஓமடி பிள்ளை. நீ வளந்து அங்கை போய்ப் பாத்திட்டு வந்து எனக்கும் சொல்லு," என்று சிரித்தார். பெரியவர்கள் பதில் தெரியாதபோதுதான் சிரிப்பார்கள் என்பது அப்போது என் எண்ணம்.

அந்த வருஷம் பெரியக்கா தலைப்பிள்ளைப் பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆண்பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஐந்தாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. பரியாரியாரின் கஷாயத்துக்கும் பத்தியத்துக்கும் அது மசியவில்லை. ஏழாம் நாள் அவள் பிதற்றத் தொடங்கினாள். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு இப்படிக் காய்ச்சல் வந்தால் முடிவு என்ன என்பது ஊருக்கே தெரியும். அதனால் ஒருவரும் அதை வாயால் சொல்லவில்லை.

கம்பெனி புதிதாக ஒரு குளிசை அனுப்பியிருந்தது. அதையும் கம்பெனிப் புத்தகம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு மாமா ஆஸ்பத்திரி டொக்டரிடம் ஓடினார். கொழும்பில் இதே காய்ச்சலுக்குக் கொடுக்கிறார்கள் என்று சொல்லி, டொக்டர் அந்தப் புத்தகத்தின் ஓரத்திலேயே அளவை எழுதிக் கொடுத்தாராம். நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று.

செக்கச்செவேலென்ற குளிசை. அதை எடுத்துக் கொடுத்த அம்மாவின் விரல் சிவந்தது, அக்காவின் உதட்டோரமும் சிவந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை ஒன்றைத் திருடினேன். அம்மா ஓலைக்குச் சாயம் போடுவது போலவே ஒரு சிரட்டையில் கொதிநீர் வார்த்து, குளிசையைப் பொடித்துப் போட்டு, வார்ந்து வைத்திருந்த பனங்குருத்து நாலைந்தை ஊறவைத்தேன். பின்னேரம் எடுத்துப் பார்த்தால் ஓலை சிவந்திருந்தது. உலகத்தில் ஒருவரும் காணாததைக் கண்டுவிட்ட பெருமையோடு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா ஓலையை வாங்கி நகத்தால் சுரண்டினாள், தண்ணீரில் அலசினாள். சிவப்புப் போகவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஓலைக்குச் சாயம் போட்டவளுக்கு வேறு சாட்சி எதற்கு? போத்தலை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். அந்த வேளைக் குளிசை கொடுபடவில்லை, அடுத்ததும் இல்லை. அறைக்குள் அக்கா யாரோடோ கதைப்பது போல முனகிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் மாமா வந்தார். போத்தல் அம்மாவின் மடியில் இருப்பதைக் கண்டு பதறிப்போனார்.

"ஏனக்கா நிப்பாட்டினனீ? அவள் செத்துப்போவாள்!"

"ஓலைக்குப் போடுற சாயத்தை என்ரை பிள்ளையின்ரை வயித்துக்கை போடுறியேடா?"

"சாயமில்லை அக்கா. சத்தியமா மருந்து."

"வாயாலை சத்தியம் பண்ணாதை. சாயமில்லை எண்டு பிள்ளையாருக்கு முன்னாலை கற்பூரம் கொளுத்திச் சொல்லு. தாறன்."

எங்கள் ஊரில் களவென்றாலும் காணிச் சண்டை என்றாலும் கடைசித் தீர்ப்பு கற்பூரம்தான். பொய் சொல்லி அதைக் கையால் அணைத்தவனுக்குக் கண் அவிந்துபோகும் என்பார்கள். வெள்ளிக்கிழமைப் பூசையில் தேவாரம் பாடுகிற மாமாவுக்கு அது தெரியாததல்ல. கொஞ்ச நேரம் அக்கா கிடந்த அறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோயிலுக்குப் போவதற்காகக் கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்தார்.

வீட்டில் பிள்ளைப்பேற்றுத் துடக்கு. முப்பத்தொரு நாள் கழியாமல் நாங்கள் கோயிலை அண்டக்கூடாது. ஆகவே அம்மா தெருவிலேயே நின்றாள். அவளுடைய சேலையைப் பிடித்தபடி நானும் நின்றேன். மாமா ஈர வேட்டியோடு வாசற்படியில் கற்பூரத்தைக் கொளுத்தினார். "இது சாயமில்லை, மருந்து" என்று எங்களுக்குக் கேட்கும்படி உரத்துச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அம்மா அந்த இடத்திலேயே போத்தலை எடுத்து நீட்டினாள்.

"அப்ப என்ரை ஓலை எப்பிடிச் சிவந்தது?" என்று கேட்டேன்.

"சிரட்டையிலை பழஞ்சாயம் ஒட்டிக் கிடந்திருக்கும். இனி எதையாவது நோண்டினியோ, கையை முறிப்பன்," என்றாள் அம்மா.

நாலாம் நாள் அக்கா கண்ணைத் திறந்து பிள்ளையைக் கேட்டாள். வீடே அழுதது. என் ஓலை அடுப்புக்குள் போயிற்று. நான் பொய்க்காரி என்று பேரெடுத்தேன்.

அதற்குப் பிறகு மாமா கோயில் வாசலைத் தாண்டவில்லை. தேவாரமும் நின்றுபோயிற்று. வெள்ளைக்காரக் கம்பெனியோடு பழகிக் கெட்டுப்போனான் என்றது ஊர். பிறகு யுத்தம் வந்தது. மாமாவின் கம்பெனி எதிரி நாட்டுக் கம்பெனியாகி, கொழும்புக் கந்தோருக்குப் பூட்டு விழுந்தது. மாமா சைக்கிளை விற்றுவிட்டுப் புகையிலைத் தோட்டத்தில் இறங்கினார்.

அவர் காலமான பின்தான் அந்தக் கம்பெனிப் புத்தகம் என் கைக்கு வந்தது. அதற்குள் நான் இங்கிலீசு படித்திருந்தேன். கம்பெனி தன் கதையைத் தானே பெருமையாகச் சொல்லியிருந்தது. முதலில் அது ஒரு சாயப் பட்டறையாம். நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுத்தார்களாம். அதே தாரிலிருந்துதான் தலையிடி மருந்தும் வந்ததாம். பிறகு தங்கள் சாயங்களை ஒவ்வொன்றாக நோய் கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு சிவப்புச் சாயத்தைத் தின்ற எலிகள் மட்டும் பிழைத்தனவாம். அதுதான் அந்தக் குளிசை. அந்த வரியின் கீழே மாமா பென்சிலால் கோடு போட்டிருந்தார். அதற்குப் பக்கத்திலேயே டொக்டரின் கையெழுத்தில் அக்காவுக்கான அளவு இருந்தது.

அந்தப் பக்கத்தைத்தான் அவர் டொக்டருக்குக் காட்டியிருக்கிறார். ஆக, கற்பூரம் கொளுத்த முன்பே மாமாவுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா போத்தலைக் கிணற்றில் போட்டிருப்பாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

துடக்குக் கழிந்து வந்த தேர்த்திருவிழா நினைவுக்கு வந்தது. மாமா வெளியே வேலியோரம் நின்றார். உள்ளே வரச் சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ போய்க் கும்பிடு பிள்ளை. எனக்கும் சேத்துக் கும்பிட்டிட்டு வா," என்றார்.

நான் உள்ளே போய், எனக்கு ஒரு சோடி கண்ணாடிக் காப்பு வேண்டுமென்று மட்டும் கும்பிட்டுவிட்டு வந்தேன்.