இரண்டு விரலில் கிளட்ச்

மூட்டுவாதம் வந்த இடது கையால் கிளட்ச் பிடிக்க முடியவில்லை. பைக்கை விற்றுத் தரச் சொல்லி இன்று துடியலூர் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். கால்நடை மருத்துவரான நான் பைக் இல்லாமல் அன்னூர்ப் பக்கத் தோட்டங்களுக்கு எப்படிப் போவேன்?

"எதுக்குங்க டாக்டரம்மா விக்கோணும்? செத்த இருங்க."

இன்ஜின் பக்கம் கிளட்ச் கேபிள் இழுக்கிற சின்ன இரும்புக் கையைக் கழற்றி, ஒரு விரற்கடை நீளம் கூட்டி வெல்டிங் வைத்தார். புதுக் கேபிளில் எண்ணெய் விட்டு மாட்டினார்.

"இப்பப் புடிங்க. கடைசி வரைக்கும் இழுக்கோணும், ஆனா லேசா வருமுங்க."

இரண்டே விரலில் வந்தது! நான் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

அன்னூர் வரைக்கும் தேவையில்லாமல் கியர் மாற்றிக்கொண்டே வந்தேன்.

கைவலிக்கு மெக்கானிக்கிடம் வைத்தியம் பார்த்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?