ஏறி இறங்காத குரல்

ரேடியோவின் ஏரியல் கம்பியில் தொங்கும் ஈரப் பனியனை உருவி, யாருடையது என்று கேட்காமலே அவள் லாரி டிரைவரின் தோளில் போடுகிறாள்.

"எத்தன தடவ சொல்றது? இது துணி காயப்போடுற கொடி இல்ல."

"ஆளுயரத்துல கம்பி கட்டினா வேற என்னன்னு நெனைக்கிறது? ஊரெல்லாம் டவர் வச்சிருக்கான், நீங்க கொடி கட்டியிருக்கீங்க!"

"தாழக் கட்டினாதான் பேச்சு நேரா மேல போகும். வானத்துல மோதி, சுத்துவட்டாரம் முழுக்க மழ மாதிரி இறங்கும். மலைக்குப் பின்னாடி இருக்கறவனுக்கு வேற எப்படிக் கேக்கும்?"

ராணுவ முகாமில் எல்லாருக்கும் அவள் ரேடியோ அக்கா. ஹெட்போன் அழுத்தி அழுத்தி, உச்சந்தலை முடியில் நிரந்தரமாக ஒரு பள்ளம். எதிரில் பேசுபவர் முடித்த பிறகும் ஒரு மூச்சு காத்திருந்துதான் வாயைத் திறப்பாள். வீட்டுக்குப் போன் செய்தாலும் அப்படித்தான். "நான் என்ன மலைக்குப் பின்னாடியா இருக்கேன்? பேசேன்டி!" என்பார் கணவர்.

மலைக்குப் பின்னால் இருப்பவன் அவள் சித்தி மகன். அங்கே எல்லைச் சாவடியில் அவன்தான் ரேடியோக்காரன். பாதையில் ஆபத்தில்லை என்று அவன் சொன்னால்தான் இங்கிருந்து லாரிகள் கிளம்பும். வேலைப் பேச்சு முடிந்ததும் "சாப்டியாடா?" என்று கேட்பாள். "திங்கறதுக்குக் கல்லு மட்டும்தான் பாக்கிக்கா" என்பான். இன்னொரு நாள், "சமையல்காரன் தூங்கறான், அவனையே சாப்பிடலாம்னு இருக்கோம்" என்பான். சொன்னதைத் திருப்பிச் சொல்கிற பழக்கமே அவனுக்கு இல்லை.

இன்று காலையிலிருந்து சாவடி பேசவில்லை. பொழுது சாய்ந்தால் வானம் குரலைத் திருப்பி அனுப்பும் விதம் மாறிவிடும். அதற்கேற்ப அலைவரிசையைக் கீழே இறக்கிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வாசலில் ஆட்களை ஏற்றிய லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. திடீரென்று அவன் குரல்.

"பாதை சரியா இருக்கு. லாரிய அனுப்புங்கக்கா."

ஹெட்போனை மீறி வெளியே கேட்கும் அளவுக்குச் சத்தம். டிரைவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

"சாப்டியாடா?" என்றாள்.

"பாதை சரியா இருக்கு. லாரிய அனுப்புங்கக்கா."

டிரைவர் சிரித்தான். "அப்புறம் என்ன, கிளம்பவா? பக்கத்துல நின்னு பேசற மாதிரி எவ்ளோ தெளிவா கேக்குது!"

"அதான்டா" என்றாள் மெல்ல. "ரொம்பத் தெளிவா கேக்குது."

வானத்தில் மோதி வருகிற குரல் ஒரே சீராக இருக்காது. பெருகும், இளைக்கும், சில நொடி காணாமலே போய்த் திரும்பும். தம்பியின் குரலை அவள் ஒருநாளும் வேறு மாதிரி கேட்டதில்லை. இந்தக் குரல் பெருகவில்லை, இளைக்கவில்லை. காதோரம் விடுகிற மூச்சு போல இருந்தது.

ரேடியோ செட்டின் பின்னால் கைவிட்டு ஏரியல் கம்பியைக் கழற்றினாள். வானத்தின் இரைச்சல் சட்டென்று நின்றது. இனி மலைக்குப் பின்னாலிருந்து ஒரு சொல்கூட உள்ளே வர முடியாது.

"லாரிய அனுப்புங்கக்கா."

சத்தம் குறைந்திருந்தது, ஆனால் அதே சீர். ஏரியல் இல்லாமலே கேட்கிறதென்றால், வேலிக்கு அப்பால், மிகப் பக்கத்தில், தம்பி இருக்கிறான். அல்லது யாரோ பதிந்து ஒலிக்கவிடும் அவன் குரல் மட்டும் இருக்கிறது.

டிரைவர் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் எட்டி விளக்கை அணைத்து, இருட்டில் அவன் வாயைக் கையால் பொத்தினாள்.