மங்கலில் வைத்து அணைத்தவர்

சிதம்பரம் அலுவலகத்தில் முகாம் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். சொட்டு மருந்து, பஞ்சு, எழுத்து அட்டை. டார்ச் வைக்கும் இடம் காலி. ஹபீப் பாய் பையில் இருக்கும் என்று நினைத்தபோது போன் அடித்தது. அவருடைய மச்சான்.

"பாய் மௌத்தாயிட்டாருங்க. காலைல ஒக்காந்தவரு எழுந்துக்கவே இல்ல. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். லால்பேட்டைக்கு வந்துடுங்க."

எங்கள் இலவசக் கண் முகாம்களில் அவர்தான் பரிசோதகர். ஆறு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் எழுதினேன், விளக்குப் பிடித்தேன். முகாம்களில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் சொல்வதில் பாதி தெரிந்திருக்கும். மீதி என் தவறு ஒன்றைப் பற்றியது.

டார்ச் துபாயிலிருந்து அவர் தம்பி முகாமுக்கென்று கொண்டுவந்தது. விரல் நீளம். பின்பக்கம் ஒரே ஒரு ரப்பர் பட்டன். முழுக்க அமுக்கினால் எரியும், மறுபடி அமுக்கினால் அணையும். எரியும்போது பாதி அமுக்கி விட்டால் வெளிச்சம் மாறும்: முழுசு, மங்கல், மின்னல், திரும்ப முழுசு. அணைத்து எரித்தால் சில சமயம் விட்ட நிலையிலேயே எரியும். சில சமயம் வேறு எதிலோ.

"பைத்தியம் புடிச்ச லைட்டு மச்சான் இது," என்பார் பாய் என்னிடம்.

நான் இயற்பியல் படித்தவன். ஒரு மதியம் முழுக்க அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஒரு நிலையில் இரண்டு விநாடி எரியவிட்டால் அது நினைவில் நிற்கும். அதற்குள் அணைத்தால் பழைய நிலையே மிஞ்சும். பேட்டரியைக் கழற்றினாலும் மறக்காது. பாயிடம் பெருமையாக விளக்கினேன். கடைசியாக மின்னலைக் காட்டினேன். அப்படியே அணைத்துப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் தேவனாம்பட்டினம். ஜன்னல்களில் கருப்புத் துணி கட்டிய வகுப்பறை. தனவேல் என்ற மீனவர் வந்து உட்கார்ந்தார். தூண்டில் முள் பட்டு இடது கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் முற்றிய புரை. உடனே எடுத்தாக வேண்டும். பாய் அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். நான் பட்டனை அமுக்கினேன்.

மின்னல். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில், வெட்டி வெட்டி.

தனவேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யோவ், இருக்கற ஒண்ணையும் புடுங்கவா கூப்ட்டீங்க?"

சுவரைத் தடவிக்கொண்டே வெளியே போய்விட்டார். அறுவைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வண்டி மறுநாள் மதியம். நான் பட்டியலில் அவர் பெயரை அடிக்கப் போனேன்.

"அடிக்காத. பேரு இருக்கட்டும்." பாய் என் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் இருவரும் படகுகள் பக்கம் போனோம். தனவேல் விரலாலேயே வலையின் கிழிசலைத் தேடிக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதும், "வந்துட்டானுவ, வாணவேடிக்க காட்ட," என்றார்.

பாய் மணலில் உட்கார்ந்தார். "தப்பு எங்க மேல மாமா. இந்தா, நீயே புடி. நீயே அமுக்கு. புடிக்கலன்னா கடல்ல தூக்கிப் போட்டுடு."

"போட்டா மீனுல்லாம் குருடாப் போவும்."

ஆனாலும் வாங்கிக்கொண்டார். அமுக்கினார். மங்கல். பாய் வழியிலேயே மாற்றி வைத்திருந்தார். தனவேல் முதலில் வெளிச்சத்தை உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். அணைத்தார். எரித்தார். பிறகு தானே மெல்ல முகத்தின் பக்கம் கொண்டுபோனார். நான்கு முறை. பாய் அவசரப்படுத்தவில்லை. நான் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கி எத்தினி மணிக்கு வண்டி?" என்றார் தனவேல்.

அடுத்த மாதம் கட்டெல்லாம் பிரித்த பிறகு முகாமுக்கு வந்து பாயை உற்றுப் பார்த்தார். "கொரல வெச்சு எளந்தாரின்னு நெனச்சேன். கெழவனா நீ?" பாய் சிரித்ததில் எழுத்து அட்டை கீழே விழுந்தது.

அதிலிருந்து எங்கள் முகாமில் ஒரு வழக்கம். வருகிறவர்தான் முதலில் பட்டனை அமுக்குவார். "அவுங்க கண்ணு. மொத வெளிச்சம் அவுங்க கையில இருக்கட்டும்." சோதனைக்கு முழு வெளிச்சம் வேண்டும், அதைப் பிறகு சொல்லிவிட்டு மாற்றுவார். முடிந்ததும் மங்கலுக்குக் கொண்டுவந்து, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி அணைப்பார். ஒவ்வொரு ஆளுக்கும்.

"வரிசை நிக்குது பாய்."

"நிக்கட்டும். அடுத்து யாரு அமுக்குவாங்களோ."

இரண்டு விநாடிக் கணக்கைக் கண்டுபிடித்தவன் நான். எனக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது மச்சான் டார்ச்சைக் கொண்டுவந்தார். "முகாம் சாமான், குடுத்துடச் சொன்னாங்க அக்கா." அமுக்கினேன். எரியவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. அதில் எனக்கு ஏனோ ஒரு நிம்மதி.

சென்ற வாரம் முதுநகரில் முகாம். புது பேட்டரி போட்டேன், சோதித்துப் பார்க்கவில்லை. முதலில் வந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். பயந்து பயந்து அமுக்கினார்.

மங்கல். அவருக்காக ஹபீப் பாய் விட்டுப்போனது.

டார்ச் பெட்டிக்குச் சொந்தம். எனக்கு மிஞ்சியது அவருடைய அந்த இரண்டு எண்கள். அந்த அம்மாவைப் பார்த்து முடித்ததும் பாதி அமுக்கி மங்கலுக்கு வந்தேன். வாசலில் வரிசை முணுமுணுத்தது. ஒண்ணு. ரெண்டு. அணைத்தேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.